வாயில்லாதவன் சொன்ன பதில்

அதான்மா நானும் சொல்றேன், படம் வரலைன்னு யாரு சொன்னா? படம் வருது, பேச்சு வருது. அந்தப் பதினோரு நொடிதான் வரல. இதோட நாலாவது தடவை உங்க டிவி ஆபீசுக்கு வந்து இந்த நாற்காலியில உக்கார்றேன். உனக்கு முன்னாடி இங்க இருந்த கண்ணாடிக்காரர் நல்லாத் தலையாட்டினாரு. அந்தத் தலை இப்ப எங்க? மாத்திட்டாங்களா? ரொம்ப சந்தோஷம். மறுபடி மொதல்லேர்ந்து வர்றேன்.

உங்க டிவியில சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கார்ட்டூன் போடுறீங்கள்ல, விண்வெளிக் கப்பல்ல ஆறு பேரு சுத்துவாங்களே? அதுல ஒரு கதை. நட்சத்திரமெல்லாம் அணைஞ்சு போன ஒரு மூலைக்குப் போறாங்க. அங்க பனிக்கு அடியில ஒருத்தன் படுத்திருக்கான். மனுஷன் இல்ல, நட்சத்திரத்துக்கெல்லாம் மூத்தவன். மலையே அவன் சுண்டுவிரல் நகம் ஒசரம்தான். சாமி மாதிரின்னு வையேன். அவன் கண்ணை மூடினதாலதான் எல்லாம் இருண்டு போச்சு. கப்பலோட தலைவி, ஒல்லியா ஒரு பொண்ணு, அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு கேக்குறா. இத்தனை உசுரையும் இருட்டுல விட்டுட்டு இவ்ளோ காலம் படுத்துக் கெடந்தியே, ஏன்?

கேட்டாளா? ஒடனே சோப்பு விளம்பரம். அது முடிஞ்சு பாத்தா வானம் பூரா வெளிச்சம், கப்பல்ல எல்லாரும் அழுறாங்க. பதில் எங்கம்மா? பாக்குற புள்ள என்ன நெனைக்கும்? சாமி சோப்பு போட்டுக் குளிச்சாரு, அதான் பளிச்சுன்னு ஆயிடுச்சுன்னு நெனைக்கும்.

சிரிக்காத. நான் சிரிக்க வரல.

பதில் இருக்கு. அவனுக்கு வாய் கெடையாது, ரெண்டு கண்ணு மட்டும்தான். முனகித்தான் பதில் சொல்லுவான். அந்த முனகலைத்தான் வெட்டிட்டீங்க. எனக்கு எப்படித் தெரியுமா? முனகினதே நான்தான்மா.

நம்ப மாட்டே, தெரியும். நான் நடிகன் இல்ல, தச்சன். மூணு மாசம் முன்னாடி டப்பிங் பண்ற எடத்துல சுவத்துக்குப் பலகை அடிக்கப் போனேன். வாயில நாலு ஆணி. டைரக்டர் என்னமோ கேட்டாரு, ஆணியோடயே பதில் சொன்னேன். மனுஷன் ஓடி வந்து கையப் புடிச்சுக்கிட்டாரு. இந்தச் சாமிக்குப் பெரிய குரல்காரங்கல்லாம் வந்து உறுமிட்டுப் போயிருக்காங்க, ஒண்ணும் சரிப்படல. ஐயா, இதே மாதிரி மைக்குல முனகுங்க, ரொம்பப் பழைய பாஷை மாதிரி இருக்கணும், அர்த்தம் எதுவும் வேணாம்னாரு. அர்த்தம் இல்லாம மனுஷன் எப்படிம்மா முனகுவான்?

எங்கிட்ட ஒரு பழைய பாஷை இருந்துச்சு. நானும் என் தம்பியும் சின்ன வயசுலேர்ந்து மரம் அறுத்தவங்க. குழிக்கு மேல மரத்தைப் போட்டு, ரெண்டு பக்கமும் புடி வச்ச பெரிய ரம்பம். மேல நான், குழிக்குள்ள அவன். கீழ நிக்கிறவன் வாயத் தெறந்தா வாய் நெறைய மரத்தூள். அவன் வாய மூடிக்கிட்டு நிக்கிறப்ப எனக்கு மட்டும் என்ன பேச்சுன்னு நானும் தெறக்க மாட்டேன். தயார்னா ஒரு முனகல். இழுன்னா ஒரு முனகல். நிறுத்துன்னா ஒண்ணு.

நான் என்ன முனகினேனா? என்னமோ முனகினேன், அது உனக்கு எதுக்கு? புதன்கிழமைக்குள்ள அந்தக் கதையை மறுபடி முழுசாப் போடணும்னு மட்டும் எழுதிக்க.

அடுத்த வாரமா? அடுத்த வாரம் எனக்கு எதுக்கும்மா?

தம்பி இருக்கான், பக்கத்துத் தெருவுலதான். பேசி இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. அவன் பொண்ணு கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடல. நான் கால் ஒடைஞ்சு கெடந்தப்ப எட்டிப் பாக்கல. ஒண்ணையும் நான் மறக்கல. எல்லாம் ஒரு மரத்தால வந்தது. ரெண்டு ஆள் சேந்து கட்டிப் புடிக்கணும், அவ்ளோ பெரிய மரம். அறுப்பு கோணிப் போச்சு. மொதலாளி கத்துறாரு. கீழ இருக்கிறவன் கோணலா இழுத்துட்டான்னு சொல்லிட்டேன். குழியிலேர்ந்து ஏறி வந்தான், மூஞ்சியெல்லாம் தூளு. என்னையே பாத்தான். துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டிருந்தா நாலு ஏச்சு ஏசியிருப்பேன், அன்னிக்கே தீந்திருக்கும்.

கோடு போட்டது யாரா? மேல நிக்கிறவன்தான். நூல்ல கரியத் தேய்ச்சு, இழுத்துச் சுண்டினா கோடு விழும். மொதக் கோடு கோணலா விழுந்துச்சு. அழிக்கச் சோம்பல்பட்டு, பக்கத்துலயே இன்னொண்ணு போட்டேன். அறுக்குறப்ப பழைய கோட்டுல போயிட்டேன். கீழ நிக்கிறவனுக்குக் கோடே தெரியாதும்மா.

அவன் இப்ப பேத்தியோட உக்காந்து உங்க கார்ட்டூன்தான் பாக்குறான். எம்பையன் வீட்டுல சொல்லிட்டு இருந்தது என் காதுல விழுந்துச்சு. எனக்குத் தெரியாம அங்க போய் வர்றதா அவனுக்கு நெனப்பு. அந்தச் சாமி முழிக்கிறப்ப ஒரு முனகல் வரும், அதை நீங்க வெட்டல. தயார்ங்கிற முனகல். அதைக் கேட்டதும் தம்பி தட்டைக் கீழ வச்சுட்டு, டிவி சத்தத்தைக் கூட்டினானாம். கூட்டி வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருந்தா, உங்க சோப்பு வருது.

நேராப் போய்ச் சொல்லவா? ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போனேன். வாயத் தெறந்தா, கல்யாணத்துக்கு ஏன்டா கூப்பிடலைன்னுதான் வருது. வாய மூடினாத்தான் எனக்கு நல்ல பேச்சு வரும்.

ரம்பம் தடம் மாறினா அதுக்கும் ஒரு முனகல் உண்டு. தப்பு என்னுதுன்னு அர்த்தம். நீளமா இழுத்து, கடைசியில எறக்கணும். பதினோரு நொடியும் அதான்.

சோப்புக்காரன் ஒரு நாள் பொறுத்துக்கட்டும்மா. வியாழக்கிழமை காலையில ஆஸ்பத்திரியில என் தம்பிக்கு நெஞ்சை அறுக்குறாங்க.