புஷ்பத்தின் மிஷினை நான்தான் விற்றேன்

"படுக்கா! கீழ படு!"

புஷ்பம் கத்துகிறாள். நான் விழுகிறேன். நடைபாதை சுடுகிறது. கன்னம் அதில் ஒட்டிக்கொள்கிறது. தலைக்கு மேல் ஹெலிகாப்டர். பிறகு துப்பாக்கி. மூன்று வெடி. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் எண்ண முடியாதபடி. எதிரே ரொட்டிக் கடையின் கண்ணாடி மொத்தமாக இறங்குகிறது. சில்லறையைத் தகரத்தில் கொட்டுகிற சத்தம்.

குவைத். 1990, ஆகஸ்ட் மாதக் கடைசி வாரம். காலை பத்தேகால். நாங்கள் வீட்டுச் சாமான் விற்றுக்கொண்டிருந்தோம்.

சொன்னபோது இங்கே ஊரில் யாரும் நம்பவில்லை. சண்டைக்கு நடுவில் யாராவது கடை போடுவார்களா என்றார்கள். போட்டோம். தெரு முழுக்கப் போட்டிருந்தார்கள். மலையாளிகள், எகிப்துக்காரர்கள், பிலிப்பைன்ஸ் பெண்கள். ஈராக் ராணுவம் ஊருக்குள் வந்து மூன்று வாரம் தாண்டிவிட்டது. எங்கள் தையல் கடை முதலாளி முதல் நாளே காரில் போய்விட்டார். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. ஜோர்டான் எல்லை வரை பஸ் விடுகிறார்கள் என்றார்கள். பஸ்காரன் பணத்தை முன்னாலேயே கேட்டான். எங்களிடம் இருந்தது சாமான்தான்.

என் பெயர் ஸ்டெல்லா. ஊர் சென்னைக்குப் பக்கத்தில் கரையான்சாவடி. புஷ்பம் நூம்பல்காரி. பக்கத்துப் பக்கத்து ஊர். ஆனால் முதலில் பார்த்துக்கொண்டது குவைத்தில்தான். தையல் கடைக்கு மேலே ஒரே அறையில் நான்கு வருடம் இருந்தோம். என்னைவிட ஐந்து வயது சின்னவள்.

துப்பாக்கிச் சத்தம் நின்றது. எழுந்தோம். கட்டில், மின்விசிறி, அடுப்பு, போர்வை எல்லாம் ஏற்கெனவே போயிருந்தன. மிச்சம் ஒன்றுதான். புஷ்பத்தின் மோட்டார் வைத்த தையல் மிஷின். இரண்டு வருடம் மிச்சம் பிடித்து வாங்கியது. குண்டு பறக்கும்போதும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

லாரி வைத்திருந்த வியாபாரி ஒருவன் ஓடாமல் நின்றிருந்தான். மிஷினைக் காட்டி, விலை இவ்வளவு என்று விரலை விரித்தான்.

"இத்த மட்டும் வேணாங்க்கா. ஊருக்குப் போனா இன்னா வெச்சி பொழைப்பேன்?"

"பஸ்ல சீட்டு வேணுமா, மிஷின் வேணுமா? சொல்லுடி!"

கத்தினேன். அவள் கையை எடுக்கவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்தேன். நான்தான் பணத்தை வாங்கினேன். பஸ்காரன் கையில் வைத்ததும் நான்தான்.

பஸ்ரா. பாக்தாத். பிறகு ஜோர்டான் எல்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஒரு வெட்டவெளி. கூடாரங்கள். ஒரு நாளைக்கு ஒரு தண்ணீர் லாரி. லாரி வந்தால் ஆயிரம் பேர் ஓடுவார்கள். இரண்டாம் நாள் புஷ்பத்துக்கு வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. நான் தண்ணீர் வரிசையில் நின்றேன். வாளி நிரம்பவில்லை. நான்காம் நாள் மதியம் மூன்று நாற்பதுக்கு மூச்சு நின்றது. நேரம் சொன்னது பக்கத்துக் கூடாரத்து மலையாளி. அவரும் இன்னும் இரண்டு பேரும் தோண்டினார்கள். மண் இறுகிக் கிடந்தது. கடப்பாரை இல்லை. கூடாரக் கம்பியால் தோண்டினார்கள். டங், டங் என்று கல்லில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

காகிதம் எதுவும் யாரும் தரவில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

அம்மானிலிருந்து விமானம். பம்பாயிலிருந்து ரயில். செப்டம்பர் நடுவில் கரையான்சாவடிக்கு வந்து சேர்ந்தேன். கையில் ஒரு துணிப்பை. மறுநாளே நூம்பலுக்குப் போய்ப் புஷ்பத்தின் வீட்டுக்காரர் மணியிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "வேற கேம்ப்ல இருப்பா. வந்துடுவா" என்றார். ஏழு வயதுப் பெண்ணிடமும் அதையே சொன்னார். மூன்று முறை போனேன். மூன்று முறையும் அதே பதில்.

அதே வருடம் அக்டோபர். ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் வாசலில் தார்ப்பாய் விரிக்கிறோம். மறுபடியும் விற்பனை. இந்த முறை என் வீட்டு வாசலில்.

என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்தார். அந்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. நான் ஒரு பழைய மிஷின் வாங்கி ரவிக்கை தைக்கலாம் என்றேன். அதற்குப் பணம் வேண்டும். வீட்டில் பணம் இல்லை, ஃபாரின் சாமான் இருந்தது. ஊருக்கு வருகிற ஒவ்வொருவர் கையிலும் நான்கு வருடமாக நான் கொடுத்தனுப்பியது. ஒன்றரை அறை வீட்டில் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டி பிரிக்காமல் கிடந்தது. இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்குப் பன்னிரண்டு பேர் சாப்பிடுகிற பீங்கான் செட். டூ-இன்-ஒன். மூன்று ஃப்ளாஸ்க். தரைவிரிப்பு. தூசி உறிஞ்சுகிற மிஷின். எங்கள் சிமெண்டுத் தரைக்கு விளக்குமாறு போதும். எதற்கு வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாரும் வாங்கினார்கள். நானும் வாங்கினேன்.

முதலில் பூந்தமல்லியில் ஒரு கடைக்குத்தான் எடுத்துப் போனோம். கடைக்காரர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "எல்லாரும் இத்தத்தாம்மா தூக்கினு வர்றீங்க. நான் எங்க கொண்டுபோயி கொட்றது?" என்றார். அதனால்தான் வாசலில் போட்டோம்.

கூட்டம் வந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். ஃப்ளாஸ்க்கைத் திறந்து முகர்ந்தார்கள். டூ-இன்-ஒன்னைப் போட்டுப் பாட்டுக் கேட்டார்கள். ஒரு மணி நேரம் கேட்டார்கள். யாரும் காசு எடுக்கவில்லை. சென்ட் பாட்டிலைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று நான்கு பெண்கள் அடித்துக்கொண்டார்கள். வாசனையோடு போய்விட்டார்கள்.

எதிர்வீட்டு அம்மா பீங்கான் தட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"குவைத்துல சோல்ஜருக்கெல்லாம் சும்மா தூக்கிக் குடுத்துட்டு வந்தியாமே. எங்ககிட்ட மட்டும் இன்னா இம்மா வெல சொல்ற?"

வாயில் வந்ததை விழுங்கினேன். அங்கே துப்பாக்கி வைத்திருந்தவன்கூட இப்படிப் பேசவில்லை. சாமானை எடுத்தான், காசைக் கொடுத்தான், போனான். இங்கே என் தெரு. என் கோயில். என் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பாதியாகக் குறைத்தேன். அவள் அதிலும் பாதி கேட்டாள்.

பதினொன்று இருபது.

டமார்.

"படு! எல்லாரும் படுங்க!"

நான்தான் கத்துகிறேன். மண்ணில் கிடக்கிறேன். வாயில் மண். யாரும் படுக்கவில்லை. ஏன் நிற்கிறார்கள்? சுட்டுவிடுவானே. எதிர்வீட்டு அம்மாவின் காலைப் பிடித்து இழுக்கிறேன். அவள் உதறுகிறாள். யாரோ சிரிக்கிறார்கள்.

"ஒண்ணுமில்ல ஸ்டெல்லா. லாரி டயரு. மெயின் ரோட்ல டயர் வெடிச்சிது. எந்திரி."

ஆரோக்கியம் என் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினார். நான் பீங்கான் செட்டின் மேல் விழுந்திருந்தேன். முழங்கையில் ரத்தம். மூன்று தட்டு உடைந்திருந்தது. எதிர்வீட்டு அம்மா குனிந்து எண்ணினாள்.

"மூணு ஒடைஞ்சிபூச்சே. இப்பவாவது வெலய கொறைப்பியா?"

ஆரோக்கியம் சண்டைக்குப் போகிறவர் இல்லை. அன்றைக்குக் கத்தினார். "எடுத்துகினு போம்மா! சும்மாவே எடுத்துகினு போ! அவ கையில ரத்தம் வர்றது கண்ணுக்குத் தெரியல?" கூட்டம் கலைந்தது. எனக்கு அவர் மேலும் கோபம். கூட்டத்தையும் விரட்டிவிட்டாரே. இனி எவன் வாங்குவான்? என் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். டயருக்கும் குண்டுக்கும் வித்தியாசம் தெரியாத காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மத்தியானம் பன்னிரண்டுக்குப் புஷ்பத்தின் வீட்டுக்காரர் மணி வந்தார். சைக்கிளை வேலியில் சாய்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகத் தார்ப்பாய்க்குப் போய் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அவர் விலை பார்க்கவில்லை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பெண்டாட்டியின் சாமானைத் தேடுகிறார். ஒரு ரோஜாப்பூப் போர்வையைக் கையில் எடுத்தார்.

"இது அவளுது. ஃபோட்டோல பாத்துகீறேன்."

"இல்லண்ணா. என்னுது. ரெண்டு பேரும் ஒரே கடையில ஒரே மாதிரி வாங்கினோம். போன வருஷமே அனுப்பிட்டேன்."

"அவளுது எங்க?"

"வித்துட்டோம்."

"மிஷினு?"

"வித்துட்டேன். பஸ்ஸுக்கு."

அவர் போர்வையை மடித்தார். மூலைக்கு மூலை சரியாக வைத்து மடித்தார்.

"நசரத்பேட்டையில ஒரு ஆளு. அவனும் குவைத்துலதான் இருந்தான். பஸ்ஸுக்குக் காசில்லாம ரூம்லயே கெடந்தான். போன வாரம் வந்துட்டான். நல்லா கீறான். நேத்து போயி பாத்துட்டு வந்தேன்."

நான் உடைந்த தட்டுத் துண்டுகளைப் பொறுக்கினேன்.

"மிஷின நீ விக்காம இருந்தா அவளும் ரூம்லயே கெடந்திருப்பா."

தங்கியவர்களில் செத்தவர்களும் உண்டு. பஸ் ஏறியவர்களில் பிழைத்தவள் நானே இருக்கிறேன். எது சரி என்று ஆகஸ்டில் யாருக்குத் தெரியும்? இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆரோக்கியம் ஏதோ சொல்ல வந்தார். கையைக் காட்டித் தடுத்தேன்.

மணி போர்வையைத் தார்ப்பாயில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"எந்தப் பக்கம் தல வெச்சி பொதச்சீங்க?"

அவள் செத்துவிட்டாள் என்று அவர் ஒப்புக்கொண்டது அப்போதுதான். எனக்குத் திசை தெரியாது. அந்த வெட்டவெளியில் எந்தப் பக்கம் எது என்று நான் பார்க்கவில்லை. வேகமாகத் தோண்டி, வேகமாக மூடினோம்.

"தெக்கால" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தார்ப்பாயிலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சத்தமே வராமல் அழுதார். போர்வையைக் கொடுத்தேன். வாங்கவில்லை. எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறவில்லை. தள்ளிக்கொண்டேதான் போனார்.

நான் எழுதுகிற இத்தனையிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை இப்போது இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சாயங்காலத்துக்குள் டூ-இன்-ஒன்னும் தரைவிரிப்பும் மிச்சச் சாமானும் வந்தவர்கள் கேட்ட விலைக்கே போயின. தீபாவளி முடிந்து ஒரு பழைய கால்மிஷின் வாங்கினோம். தைத்தேன். பட்டாசு வெடித்த மூன்று நாளும் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். சாமான் இல்லாததால் அங்கே இடம் இருந்தது.

சில வருடம் கழித்து, குவைத்தில் இழந்தவர்களுக்கு நஷ்டஈடு என்று சொன்னார்கள். மணி என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். இரண்டு பேரும் அந்த ஆபீசுக்குப் பஸ் பிடித்துப் போனோம். என் டிக்கெட்டையும் சேர்த்து அவர்தான் எடுத்தார். படிவம் வாங்கிய குமாஸ்தா கேட்டார்.

"சாமான் போச்சா, வித்தீங்களா?"

"வித்தோம்."

"அப்ப எழுதாதீங்க. வித்தது லாஸ்ல வராது. இறந்தவங்களுக்கு சர்டிபிகேட் இருக்கா?"

"நான் இருக்கேன். பக்கத்துல இருந்தேன்."

"நீங்க சொந்தமா?"

"இல்ல."

படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். என்ன எழுதினாலும் செல்லாது என்றார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அறை ஒன்று. கட்டில் இரண்டு. மின்விசிறி ஒன்று. அடுப்பு ஒன்று. ரோஜாப்பூப் போர்வை ஒன்று. மோட்டார் வைத்த தையல் மிஷின் ஒன்று. மூன்று மாதச் சம்பளம், இரண்டு பேருடையது. பீங்கான் தட்டு மூன்று. இதில் விற்றதும் உண்டு, உடைந்ததும் உண்டு. எல்லாம் போனதுதான்.

ஆள் ஒருத்தி. பெயர் புஷ்பம். கணவர் பெயர் மணி. பெண் குழந்தை ஒன்று. ஊர் நூம்பல். வயது இருபத்தாறு.