ஆறு ஸ்பீக்கர் நிக்காஹ்

மதார் சாகிப்: ...நிக்காஹ் வீடியோவுல பிரியாணி தேக்சா நகத்துற சத்தம் கேக்குது, பசங்க கத்துறது கேக்குது. நம்ம பொண்ணு சைமா கொரல் மட்டும் எங்க போச்சு ஜன்னத்?

ஜன்னத்: நடு ஸ்பீக்கருக்குப் போச்சு. வீடியோக்காரரு ஆறு ஸ்பீக்கருக்கு சவுண்டு பண்ணிக் குடுத்துகீறாரு. நம்ம வூட்ல கீறது ரெண்டு.

மதார் சாகிப்: அப்ப இன்னும் நாலு வாங்கணுமா?

ஜன்னத்: வாணாம். பத்து வருசமா கல்யாண வீடியோவ டிஸ்குல எழுதிக் குடுக்குறவ நான்... நடுவுல கீற பேச்ச ரெண்டு பக்கமும் சமமா சேக்கணும். பின்னாடி சத்தத்தக் கொறைக்கணும். ஸ்டீரியோவாக்கி டிஸ்குல எழுதிட்டா நம்ம பழைய பிளேயர்லயே கேக்கும்.

மதார் சாகிப்: சமமா வாணாம்.

ஜன்னத்: ஏன்?

மதார் சாகிப்: அது... சைமா பேசுறத லெஃப்ட்ல மட்டும் போடு. ரைட் ஸ்பீக்கர் கிழிஞ்சு கீது.

ஜன்னத்: போன ரம்ஜானுக்கு வாங்குனது. அதுக்குள்ள கிழிஞ்சிட்ச்சா?

மதார் சாகிப்: வள்ளூர் பவர் பிளான்ட்ல அத்தினி வருசம் டர்பைன் பக்கத்துல நின்னவன் நான். எனக்குத் தெரியாதா?

ஜன்னத்: சரி, சரி... லெஃப்ட்லயே போடுறேன். நிக்காஹ் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு, இப்ப இன்னா அவசரம்? பொண்ணு மணலி புதுநகர்ல நல்லாத்தானே கீறா.

மதார் சாகிப்: நல்லாத்தான் கீறா... ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?

ஜன்னத்: சொல்லுங்க. கைதான் வேல பண்ணுது, காது உங்ககிட்டதான் கீது.

மதார் சாகிப்: அன்னிக்கு சம்மதமான்னு அவளக் கேட்டது நான்தானே. வாய் அசைஞ்சுது. சாட்சிங்க தலையாட்னாங்க, நானும் ஆட்டிட்டேன்... எனக்கு ஒண்ணுமே கேக்கல ஜன்னத். எம்பொண்ணு சரின்னு சொன்னத நான் கேக்கவேயில்ல.

ஜன்னத்: இருங்க, டிஸ்கு எழுதி முடியட்டும்.

மதார் சாகிப்: இன்னாம்மா?

ஜன்னத்: ஒண்ணுமில்ல. டிஸ்கு எழுதியாச்சு. ஒக்காருங்க, போடுறேன்... கேக்குதா?

மதார் சாகிப்: இரு, இரு... ‘சம்மதம், அத்தா’ங்குறா. தெளிவா கேக்குது ஜன்னத்... இன்னொரு தபா சொல்றாளே, இன்னும் சத்தமா. அது எதுக்கு?

ஜன்னத்: மொத தபா உங்களுக்குக் கேக்கலன்னு புரிஞ்சுகினா. அதான் மறுபடி சொன்னா. அதுக்குள்ள நீங்க அந்தாண்ட திரும்பிட்டீங்க... அன்னிக்கே என்கிட்ட, அத்தாவா சொல்ற வரைக்கும் அவரு காதப் பத்தி கேக்காதம்மா, ரைட் பக்கம் மட்டும் நிக்காதேன்னு அழுதா. எட்டு மாசமா நான் எதுக்கு உங்க லெஃப்ட் பக்கமே ஒக்காந்துகினு கீறேன்?