டத்தோ பேசி முடிக்கும்வரை

தனியாளாக மென்பொருள் எழுதுகிறவனுக்கு ‘கிட்’ என்ற மாற்றப் பதிவேடு எதற்கு என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ரூபேந்திரன். எல்லோரும் கேட்பதுதான். ஒரு வரியை மாற்றினாலும் யார் மாற்றினார், எப்போது, எதற்காக என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். கூட்டமாக வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் நம்பாததால் அதை வைத்திருக்கிறார்கள். தனியாள் தன்னையே நம்பாமல் இருக்க வைத்துக்கொள்ள வேண்டும். ஜொகூர் பாருவில் ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னேன், கை தட்டினார்கள். மறுநாளே என் பெயர் அட்டையில் ‘தலைமைச் சிற்பி’ என்று அச்சடித்துக்கொண்டேன். எனக்குக் கீழே யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

கோத்தா திங்கி ஆற்றோரம், செம்பனைத் தோட்டத்துப் பழைய லயத்து வரிசை வீடுகளில் இன்னும் குடியிருப்பவர்களுக்காக அந்த வெள்ள எச்சரிக்கையைச் செய்தேன். ஆற்றில் ஓர் அளவுமானி, இரும்புத் தூணில் ஒரு சைரன், இரண்டுக்கும் நடுவே, அதே தூணில் ஒரு கணினிப் பெட்டிக்குள், என் மென்பொருள். தூணில் ஏறி எல்லாவற்றையும் மாட்டியவன் சுகுமாறன், என் மனைவி சந்திரமதியின் தம்பி. அதே லயத்துக்காரன். சைரனை அடிக்கும் வசதியைத் தன் கைப்பேசியிலும் போட்டுத் தரும்படி ஒருமுறை கேட்டான். “நாங்கதானே மச்சான் இங்க குடியிருக்கோம்” என்றான். இதிலெல்லாம் ஒரே கைதான் பட வேண்டும் என்று விளக்கினேன். “சரிலா, சிற்பி சார்” என்று சிரித்துவிட்டுப் போனான்.

திறப்பு விழாவுக்கு டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகர் வந்தார். ஒத்திகையில் சைரன் காரணமே இல்லாமல் அலறியிருந்தது. அவர் பேசும்போது அலறினால் என்ன ஆகும் என்று நினைத்தேன். சைரனை ஊமையாக்க ஒரே ஒரு வரி சேர்த்தேன். ‘டத்தோ பேசி முடிக்கும்வரை’ என்று காரணமும் எழுதினேன். ஒழுங்காக வேலை செய்கிறவன் காரணம் எழுதாமல் விடமாட்டான். டத்தோ பேசி முடிக்க வெகுநேரம் ஆனது. இந்த வட்டாரத்தில் இனி வெள்ளத்துக்கு இடமில்லை என்று அறிவித்தார். அழைப்பிதழ் போகாததால் வெள்ளம் அதைக் கேட்க வரவில்லை. பிறகு படம் எடுத்தார்கள், பிரியாணி சாப்பிட்டோம். அந்த வரியை எடுக்க மறந்துபோனேன்.

அடுத்த மாதம், மழை விட்டு வெயில் அடித்த ஒரு பிற்பகலில், மேலேயிருந்து தண்ணீர் வந்தது. லயத்தில் பாதிப் பேர் ஃபேக்டரியில் இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஜொகூர் பாருவில் என் வீட்டில், திரையில் அளவுமானி ஏறுவதைப் பார்த்தேன். சைரன் ஒலிக்கவில்லை என்பதையும் பார்த்தேன். ஏன் என்று உடனே தெரிந்துவிட்டது.

சுகுமாறன் கூப்பிட்டான். “மச்சான், தண்ணி ஏறுது, சங்கு ஊதல. நீங்க அங்கேருந்து அடிங்க.”

பார்க்கிறேன் என்றேன்.

என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்த வரியை நீக்கியிருந்தால் சைரன் அலறியிருக்கும். நீக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் நீக்கியதும் பதிவாகும்: மதிவாணன் சேர்த்தான், டத்தோவுக்காக, மதிவாணன் நீக்கினான், வெள்ளத்தன்று. அதைப் படிக்கப்போகிறவர்களின் முகங்கள் எனக்குத் தெரிந்தன. பயந்தவன் பதறுவான் என்பார்கள். எனக்குத் தலை மிகத் தெளிவாக இருந்தது. முதலில் வரலாற்றைச் சரிசெய்தேன்.

கிட்டில் பழைய பதிவுகளையும் மாற்றி எழுதலாம். யார் பெயரையும் போடலாம். அது அடையாள அட்டை கேட்பதில்லை. ஊமையாக்கிய வரியைச் சுகுமாறன் பெயருக்கு மாற்றினேன். காரணத்தை ‘சத்தம் ஓவர், லயத்துல கம்ப்ளைன்’ என்று எழுதினேன். ஆனால் ஒரே ஒரு பதிவு என்றால் யார் நம்புவார்? ஆகவே அதற்கு முந்தைய வாரங்களிலும் அவன் பெயரில் சின்னச் சின்னத் திருத்தங்களைச் செருகினேன், எழுத்துப் பிழைகளோடு. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

நடுவில் மறுபடி கூப்பிட்டான். கதவுகளைத் தட்டும் சத்தம், நாய்கள், அவனுக்கு மூச்சிரைத்தது. “என்னா மச்சான் பண்றீங்க? எல்லாரையும் கெளப்பிட்டேன். பேச்சியம்மாதான் பாக்கி, அதுக்குக் காது மந்தம், சங்கு ஊதினாதான் எந்திரிக்கும். நான் போறேன். நீங்க அடிங்க மச்சான்.”

அடிக்கிறேன் என்றேன்.

அடுத்த அழைப்பில் பேச்சு இல்லை. தண்ணீர் சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அதிலிருந்து யாருடைய கைப்பேசி அடித்தாலும் எனக்கு அந்தத் தண்ணீர் சத்தம்தான் கேட்கிறது. மேசைமேல் இருக்கும் உங்களுடையதைக் கொஞ்சம் அணைத்துவைக்க முடியுமா? நன்றி.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, அந்த வரியை நீக்கினேன். என் பெயரில். சைரன் பிரமாதமாக அலறியதாகக் கூரைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னார்கள். சுகுமாறனையும் பேச்சியம்மாளையும் மறுநாள் செம்பனை மரங்களுக்கு நடுவிலிருந்து எடுத்தார்கள்.

“அவன் கம்ப்யூட்டரத் தொட்டதே இல்லையேங்க” என்று சந்திரமதி திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் தெரிந்து செய்திருக்கமாட்டான், மன்னித்துவிடுவோம் என்று ஆறுதல் சொன்னேன்.

தூணில் இருந்த பெட்டிக்குள் நீங்கள் பார்த்தது சரிதான். கிட்டில் ஒவ்வொரு நகலும் முழு வரலாற்றையும் சுமந்திருக்கும். பெட்டி நான் மாற்றி எழுதியதை வாங்கிக்கொண்டது; என் பெயர் இருந்த பழையதைத் தூக்கி எறியவில்லை. கருத்தரங்கில் இதையும் சொன்னேன், இதற்கும் கை தட்டினார்கள். வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் அதை மாட்டியது சுகுமாறன். எனக்கு அவனிடம் கோபமில்லை.

கையெழுத்துப் போடுகிறேன், இன்ஸ்பெக்டர். ஒரு திருத்தம் மட்டும். இறந்தவன்மேல் பழியைப் போட்டதாக இதில் எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. அவன் பெயரை நான் எழுதியபோது அவன் உயிரோடுதான் இருந்தான்.