இரும்பு முட்டு

இந்த நாற்காலியின் இடது கால் ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் மேடம். ஓர் அட்டையை மடித்து அடியில் வைத்தால் போதும். முப்பத்திரண்டு ஆண்டுகள் சிவில் இன்ஜினியராக இருந்தவனுக்கு இதெல்லாம் தானாகக் கண்ணில் பட்டுவிடும்.

ஜெபகுமார் என்று எழுதிக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு தேற்றரவு மாதா கோயிலின் கட்டடக் குழுத் தலைவர். கோயிலுக்கு நூற்று எழுபது வயது. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், மழை பெய்தால் பீடத்துக்குப் பக்கத்தில் இரண்டு வாளி. அதை இடித்துவிட்டு ஏசி வைத்த புதுக் கோயில் கட்ட நான் வரைபடமே போட்டிருந்தேன். பங்குச் சாமியாருக்கும் பிடித்திருந்தது.

தெருவுக்குத்தான் பிடிக்கவில்லை. பூசைக்கு ஒரு நாளும் வராத தெரு. கறிக்கடை ஜெகதீசன் கோயிலில் மதிய மணி அடித்தால்தான் கடையைக் கழுவுவார். ஆட்டோக்காரர்களுக்கு அதன் நிழல்தான் ஸ்டாண்டு. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நெற்றியில் விபூதி. வெள்ளத்தின்போது நான்கு நாள் குடும்பத்தோடு உள்ளே தங்கினார்களாம். அதனால் உரிமையாம்.

"இது எங்க கோயிலு சார். இடிக்க நீ யாரு?" என்றார் ஜெகதீசன். ஞானஸ்நானம் வாங்கிய என்னிடம்.

சென்னையிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். சுவரைத் தடவினார்கள், படம் எடுத்தார்கள், பழுது பார்த்தால் இன்னும் நூறு ஆண்டு நிற்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மகாபலிபுரத்துக்கு மீன் சாப்பிடப் போனார்கள். அதுவரை, உள்ளே வாசலுக்கு மேலே இருக்கும் பாடகர் மாடத்தின் உத்தரத்துக்கு இரண்டு இரும்பு முட்டு கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தவன் நான்தான்.

ஆளில்லாத நேரத்தில் இடிந்தால் பழுது பார்ப்பார்கள். ஆள் செத்தால்தான் முழுதாக இடிக்க உத்தரவு வரும். இதில் என் கொடூரம் எதுவும் இல்லை, மேடம். நாட்டு நடப்பு.

எல்லம்மாள், எங்கள் கோயில் வாசலில் பூ விற்றவள். மதியத்தில் மாடத்துக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்து, ஓரகத்தியிடம் சொல்வதுபோல மாதாவிடம் தன் மருமகளைப் பற்றிக் குறை சொல்வாள். இரண்டு நாள் பெய்த மழை விட்ட அந்தப் புதன்கிழமை, நான் முட்டுகளின் திருகைத் தளர்த்திவிட்டு வெளியே வந்தபோது வாசலில் நின்றாள்.

"இன்னா சார், உள்ள மடமடன்னு சத்தம் வந்துகினு கீது?"

"அணில்மா. வெயில்ல நிக்காத, உள்ள போய் உக்காரு."

"நல்லா இருப்ப சார். நீ ஒருத்தந்தான் உக்காருன்னு சொல்ற."

கூடையோடு உள்ளே போனாள். பதினோரு நிமிடம் ஆயிற்று. நான் எட்டு என்று நினைத்திருந்தேன். பழைய தேக்கு, பிடிவாதம் அதிகம்.

தெருவே ஓடிவந்து வெறுங்கையால் தோண்டியது. ஜெகதீசனின் நகமெல்லாம் ரத்தம். நானும் நான்கு செங்கல் எடுத்தேன்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. இடிக்க வந்த பொக்லைனுக்கு முன்னால் எல்லம்மாளின் மருமகள் போய்ப் படுத்தாள். அவளைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் படுத்தார்கள். கோயிலைப் பழுது பார்க்க உத்தரவாகிவிட்டது. ஓர் உயிர் போயும் பயனில்லை.

மனசாட்சி உறுத்தியதால்தான் நானாக வந்தேன், மேடம். ஆனால் உங்கள் அறிக்கையில், மழையில் முட்டு சரிந்து விபத்து என்று போட்டிருக்கிறீர்கள். அதை முதலில் அடித்துவிடுங்கள். நான் கொடுத்த முட்டு எதுவும் இதுவரை தானாகச் சரிந்ததில்லை.