தணிந்த குரலில் ஒரு கடிதம்

யாரோடு கை குலுக்கினாலும் உடனே கைக்குட்டையால் துடைத்துக்கொள்வது என் பழக்கம். சற்று முன் உங்களோடு குலுக்கியபோதும் துடைத்தேன், தவறாக நினைக்க வேண்டாம். பதினோரு வருடம் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுத்தால் உங்களுக்கும் அது வந்துவிடும்.

என் பாடத்துக்குப் பணியிடப் பேச்சுத்திறன் என்று பெயர். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்னிடம் வந்தாக வேண்டும். பட்டறையிலிருந்து நேராக வருவார்கள். நகக்கண்ணில் கிரீஸ், கழுத்தில் இரும்புத்தூள் கலந்த வியர்வை. ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு உட்காருகிறவர்களும் உண்டு. கை குலுக்கும் முறையை ஒவ்வொருவருக்கும் நானே குலுக்கிக் காட்ட வேண்டும், பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஒரு வகுப்புக்கு முப்பத்திரண்டு கை. ஈரமும் எண்ணெயும் சொரசொரப்புமாக முப்பத்திரண்டு. அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டை அந்தக் கையால் தொட என்னால் முடியாது. அதனால் ஸ்பூன் எடுத்துப்போகிறேன். இதை என் வாக்குமூலத்தில் வெறுப்பு என்று எழுதிக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர். நாலு பேர் நடுவில் நிறுத்தக்கூடியவர்களாக அவர்களை ஆக்குவதுதான் என் வேலை.

அந்த முப்பத்திரண்டு பேரில் ஒருத்தி மைக்செட். கூடப் படிக்கிறவர்கள் வைத்த பட்டப்பெயர். அவள் வாயைத் திறந்தால் மூன்று அறை தாண்டிக் கேட்கும். அவளுடைய அம்மாவுக்கு மாவு மில்லில் வேலை செய்து செய்தே காது போய்விட்டது. வீட்டில் கத்திக் கத்தி மகளின் தொண்டை அப்படியே பழகிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும், தெரிந்ததால் என் காது வலிக்காமல் இருந்துவிடவில்லை. பேசும்போது எச்சிலும் தெறிக்கும். ஒருமுறை என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. அதை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

முதல் வாரமே எழுந்து நின்று கேட்டாள்.

"சார், நீங்க எந்தப் பட்டறையிலயாவது வேலை பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்புறம் சூப்பர்வைசர்கிட்ட எப்படிப் பேசணும்னு எங்களுக்கு எப்படி சார் சொல்லித் தருவீங்க?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். கேலியைப் புன்னகையோடு ஏற்பது எங்கள் இரண்டாம் பாடம். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நாள் வேண்டுமானால் சொல்கிறேன்: ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பதினொன்றே கால் மணி.

கடைசிப் பருவத்தில் பிள்ளைகளைத் தொழிற்சாலைகளுக்குப் பயிற்சிக்கு அனுப்புவோம். வாரத்தில் ஒருநாள் மட்டும் வகுப்புக்கு வருவார்கள். மைக்செட் போனது தகர மூடி செய்யும் இடத்துக்கு. தகட்டை வெட்டும் பிரஸ் மிஷினில் வேலை. அதன் முன்னால் ஒரு தடுப்புக் கதவு உண்டு. கதவு திறந்திருந்தால் மிஷின் இறங்கக் கூடாது. அங்கே இறங்கியது. வேலை சீக்கிரம் நடக்க வேண்டும் என்று யாரோ மிஷினின் பின்பக்கம் அந்தக் கதவின் சுவிட்சை ஒயரால் கட்டிவைத்துவிட்டார்கள். அந்த வாரம் வகுப்புக்கு வந்ததும் வராததுமாக அவள் கத்தினாள்.

"சார், அந்த மிஷின் ஒருநாள் யாரோட கையையாவது தின்னுடும். நான் அதுல உக்கார மாட்டேன். மேனேஜர்கிட்ட நேராவே கேக்கப் போறேன்."

நான் தடுத்தேன். பயிற்சி மாணவர்களின் புகார் எழுத்தில், என் கையெழுத்தோடு, கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும். அந்த விதியை நான் போடவில்லை. எனக்கு அது பிடிக்கும், அவ்வளவுதான். எழுதிக்கொண்டு வா என்றேன். அதுவரை அவளை மூடி அடுக்குகிற வேலையில் போட்டிருந்தார்கள்.

முதலில் எழுதி வந்த தாளில் விரல் ரேகையோடு கிரீஸ் கறை. 'கை போகும் என்று தெரிந்தே கட்டிவைத்திருக்கிறீர்கள்' என்று ஆரம்பித்திருந்தாள். குற்றம் சாட்டும் தொனி என்று சிவப்பு மையில் எழுதி, ஸ்கேல் நுனியால் தள்ளித் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதில் ஆபத்து என்ற சொல் ஐந்து இடத்தில் இருந்தது. அடித்துவிட்டு, 'தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்' என்று போடச் சொன்னேன். மூன்றாவது கடிதம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு எழுதினாளாம். தொடக்கத்தில் நிறுவனத்தைப் பாராட்டி ஒரு வரி, நடுவில் விஷயம், கடைசியில் நன்றி. திருத்த ஒன்றுமில்லை. இதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது.

அந்தக் கடிதம் எங்கே என்று நேற்று கேட்டீர்கள். என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். அனுப்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த மேனேஜர் இருபது பிள்ளைகளை வேலைக்கு எடுக்க எங்கள் கல்லூரிக்கு வருவதாக இருந்தது. புகாரை அனுப்பிவிட்டு எந்த முகத்தோடு அவரை வரவேற்பது? இதைச் சப்பைக்கட்டு என்று நீங்கள் நினைக்கலாம். சரி, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்காகப் போய் ஒருவர் முன்னால் நிற்பது எனக்கு அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"பதில் வந்துச்சா சார்? இல்லன்னா வெள்ளிக்கிழமை அவரு இங்க வரும்போது நானே கேட்டுக்கறேன்."

அந்தத் தொண்டை, அந்த எச்சில், நிறைந்த அரங்கம், முன் வரிசையில் மேனேஜர்.

"கடிதம் கொடுத்தாச்சும்மா," என்றேன். "சுவிட்சைச் சரி பண்ணிட்டாங்களாம். நாளைக்குப் போய் அந்த மிஷின்லயே உக்காரு."

நிதானமாக, கண்ணைப் பார்த்து, தடுமாறாமல் சொன்னேன். மற்றவர் நம்பும்படி பேசுவது நான்காம் பாடம். அவள் முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றி சார்," என்றாள். அதைத் தணிந்த குரலில் சொன்னாள் என்பதைக் கவனித்தேன். ஆறு மாதத்தில் அதுதான் முதல் முறை.

மறுநாள் காலை அவள் ஒயரைப் பார்க்க மிஷினுக்குப் பின்னால் போனாளாம். பக்கத்து மிஷின்காரர் உங்களிடமும் சொல்லியிருப்பார். பாதி வழியில் நின்று, "சார் சொல்லிட்டாரே, இதுல என்ன சந்தேகம்," என்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டாளாம். பத்தே முக்காலுக்கு மிஷின் இறங்கியது. வலது கை, மணிக்கட்டுவரை. மிஷின் சரியாகவில்லை என்று தெரிந்தே அவளை அதில் உட்கார வைத்தவன் நான். கையெழுத்து எங்கே வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வரவில்லை. சனிக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்தும் சீழும் கலந்த வாடை. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நின்றேன், நோயாளியைப் பார்க்கும்போது முகம் சுளிக்கக் கூடாது. அவள் இடது கையை நீட்டினாள். நக இடுக்கில்கூட அழுக்கில்லை. குலுக்கினேன்.

"வந்ததுக்கு நன்றி சார். உங்களுக்குத்தான் சிரமம்," என்றாள். அருகே நின்ற எனக்கே குனிந்தால்தான் கேட்டது.

கட்டிலின் அந்தப் பக்கம் இருந்த அவளுடைய அம்மா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சார் சொல்றா? கண்ணு முழிச்சதிலேருந்து இப்படித்தான் உதட்டை உதட்டை அசைக்கறா. எம் பொண்ணு பேசறது எனக்கு ஒண்ணுமே கேக்கல. கொஞ்சம் சத்தமா பேசச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பா."

நான் சொல்லவில்லை. எவ்வளவு பாடுபட்டு இறக்கிய குரல் அது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். மதிப்பெண் பட்டியலில் குரல் கட்டுப்பாட்டுக்கு அவளுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். பதினோரு வருடத்தில் நான் யாருக்கும் அதைப் போட்டதில்லை. நீங்கள் அவளைப் பார்க்கப் போனால் அதை மறக்காமல் சொல்லுங்கள், சந்தோஷப்படுவாள்.