அனுமதித்தவர்: லிசி

படிக்காத மெயில்களின் எண்ணிக்கை சிவப்பு வட்டத்தில் நிற்பது எனக்கு உறுத்தும், சார். என் மனைவி லிசியின் போனில் அது பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தது.

அதற்கென்றே ஓர் ஆப் இருக்கிறது. வேண்டாத மெயில்களைக் குப்பைக்குத் தள்ளிவிட்டு, எதைத் தள்ளியது என்று பட்டியலும் அனுப்பும். பாஸ்வேர்ட் கேட்காது. கணக்குக்கு உரியவர் ‘அனுமதி’ என்று ஒருமுறை அழுத்தினால் போதும். மனைவியின் பாஸ்வேர்டைக் கேட்பது நாகரிகமில்லை என்று நினைப்பவன் நான்.

ஒரு ஞாயிறு, பூசைக்குப் போய்வந்து, பிரியாணி சாப்பிட்டுத் தூங்கினாள். போன் கைரேகை கேட்டது. அவள் கட்டைவிரலை எடுத்து வைத்தேன். விழிக்கவில்லை. ‘அனுமதி’யை அழுத்தி, பட்டியல் என் முகவரிக்கு வரும்படி செய்தேன்.

ஒரே ஒரு விதிதான் போட்டேன்: டோமினிக் அனுப்புவதெல்லாம் குப்பைக்கு. அவளோடு கல்லூரியில் படித்தவர். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் தவறாமல் வாழ்த்து அனுப்புவார். சந்தேகமெல்லாம் இல்லை. ஒழுங்கு. என் போனில் அவரை முன்பே பிளாக் செய்திருந்தேன்.

ஜூலையில் லிசியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டோமினிக் வேலை பார்க்கும் ஸ்ரீரங்கத்து லேபில்தான் பரிசோதனைக்குக் கொடுத்தாள். படிவத்தில் என் நம்பரை எழுதினாள். எங்கள் வீட்டில் எதற்கும் என் நம்பர்தான். ரிப்போர்ட்டை டோமினிக்கே மெயிலில் அனுப்பிவிடுவார் என்றார்கள்.

“ஏங்க, பத்து நாளாச்சு. நேர்ல போய்க் கேட்டுட்டு வரவா?”

“வரலைன்னா ஒன்னும் இல்லைன்னு அர்த்தம். திருவெறும்பூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி எதுக்கு அலையிற?”

“இன்ஜினியரிங் படிச்சுட்டு டாக்டர் மாதிரி பேசுறீங்க” என்று சிரித்தாள். அந்த வாரமே பூண்டிக்குப் போய் மாதாவுக்கு நன்றி சொல்லி மெழுகுவத்தி ஏற்றினோம்.

டோமினிக்கின் மூன்று மெயில்களும் என் பட்டியலில் இருந்தன. இரண்டாவதன் தலைப்பு, ‘லிசி, உடனே கூப்பிடு’. இன்னொருவர் மனைவியை ஒருமையில் அழைக்கிறவர். மூன்றாவதில் ரிப்போர்ட். பட்டியலிலிருந்தே திறந்து படித்தேன். புற்றுநோய்தான், இப்போதே சிகிச்சை தொடங்கினால் குணமாகும் என்று எழுதியிருந்தார். குப்பையிலிருந்து எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் அது எப்படி அங்கே போனது என்று லிசி கேட்பாள். கணவன் மனைவிக்குள் நம்பிக்கை முக்கியம், சார்.

ஜனவரியில் இறந்தாள். முப்பதாம் நாள் பூசையில் டோமினிக் என் மாமனார் பிலோமின்ராஜிடம், “மூணு மெயில் போட்டேன் அங்கிள், ஒன்னுக்கும் பதில் இல்லை” என்றார். மாமனார் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்.

யார் அனுமதித்தது என்று கேட்கிறீர்கள். கணக்கிலேயே தேதியும் நேரமும் பதிவாகியிருக்கிறது, பாருங்கள். அனுமதித்தவர்: லிசி. கடைசிவரை அவள் அதை ரத்து செய்யவில்லை.