ராமு டிராக்டர் வர்ற வரைக்கும்

...இல்ல, நான் கேக்குறேன், தார்ரோட்டுல போக வேண்டிய வண்டிய முந்திரிக்காட்டுக்குள்ள கொண்டாந்து எறக்கச் சொன்னது யாரு? நானா சொன்னேன்? ஒக்காருங்க தம்பி. நின்னுக்கிட்டே பாத்தா மட்டும் வண்டி எந்திரிச்சு வந்துருமா. இந்த வரப்புல ஒக்காருங்க, இங்கிட்டு ஈரம் இல்ல. பக்கத்துக் கொல்லை ராமுவுக்குப் போன் போட்டாச்சு. அவன் டிராக்டர் வந்து மொதல்ல, ஒங்க வண்டிகள இழுக்கப்போயி மாட்டிக்கிட்ட என் டிராக்டர வெளிய இழுக்கணும். அப்பறம் ரெண்டும் சேந்து ஒங்க வண்டிகள இழுக்கணும். வரிசையா நிக்குது பாருங்க, வெயிலுக்குக் கொளத்துல எறங்குன எரும மாதிரி.

ஒங்களது அந்தச் செவப்பு ஜாவா பைக்குதானே? காலையில வெள்ளத்துணி வச்சுத் தொடைச்சீங்களே, பாத்தேன். பொண்ணு பாக்க வர்ற வீட்டுல பித்தள வெளக்கத் தொடைப்பாங்க, அந்த மாதிரி. மண்ணுல எறக்கப்போற வண்டிய எதுக்குங்க தொடைக்கணும்? கேட்டா ட்ரெயிலு ட்ரெயிலுன்னு சொல்றீங்க. எங்க ஊர்ல இதுக்கு வண்டிப்பாதைன்னு பேரு. மாடு சாணி போட்டுக்கிட்டே போற பாதைக்கு மெட்ராஸ்லேருந்தெல்லாம் ஆள் வருது.

அந்தத் தஞ்சாவூர் டாக்டரு இருக்காரே, கண்ணாடி போட்டவரு. ஒரு தரம் முட்டி வலின்னு அவருகிட்டப் போனேன். நாக்காலிய விட்டு எந்திரிக்கல. ஒக்காந்த எடத்துலேருந்தே பாத்து மாத்தர எழுதிக் குடுத்துட்டாரு. இன்னைக்குக் காலையில வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கெடக்காரு. தொட்டுப் பாக்குறாரு, தட்டிப் பாக்குறாரு, காத வச்சுக் கேக்குறாரு. அடுத்த தரம் ஒடம்புல கொஞ்சம் ஆயிலத் தடவிக்கிட்டுப் போகணும் போல, அப்பத்தான் என்னையத் தொடுவாரு.

பரவால்ல, இருக்கட்டும். ஆறு வருசமா ஒங்க பைக் கிளப்பு வருது, நான் ஒண்ணும் சொன்னதில்ல. நீங்க இந்த வருசம்தான் புதுசு, ஒங்களுக்குத் தெரியாது. இதுக்கெல்லாம் மூலகாரணம் ஒங்க தலைவரு கிபாயத்துல்லா பாய்தான். கோட்டைப்பட்டினத்துலேருந்து தனியா வந்தவரு, இந்தா இந்தப் பள்ளத்துக்கு நேரா வண்டி நின்னு போச்சு. தண்ணி கேட்டு வீட்டுக்கு வந்தாரு. எங்க வீட்டம்மா ஞானமணி, அது யாருக்கும் வெறுந்தண்ணி குடுக்காது. சோறு போட்டுருச்சு. அவரு சாப்புட்டுப் போய், இந்த மாதிரி ஒரு எடம் இருக்குன்னு ஒங்க எல்லாருகிட்டயும் சொல்லிட்டாரு. எடம் எங்க இருக்கு, இருந்தது மீன் கொழம்பு.

அதுலேருந்து மாசி மாசம் வந்தா எங்க வீட்டுல வேற பேச்சே இல்ல. பாய் வந்து கிடாய அறுப்பாரு, ஞானமணி ஆக்கும். அறுக்குறது அவரு அறுத்தாத்தான் அவுக ஆளுக சாப்புடுவாக. ஞாயித்துக்கெழம சர்ச்சுப் பூசைய நேத்து சாயங்காலமே பாத்துட்டு வந்துருச்சு ஞானமணி, இன்னைக்கு ஒங்களுக்குச் சமைக்கணும்னு. நான் ஒடம்பு முடியாம படுத்தப்பக்கூட பூசைய விடாத பொம்பள.

என்ன, மம்பட்டியவே பாக்குறீங்க? ஈரமாத்தான் இருக்கும். அது நேத்து தென்னைக்குப் பாத்தி வெட்டுனது.

இல்ல, நீங்க கேக்க வர்றது புரியுது. மழை பேஞ்சு ரெண்டு மாசமாச்சு, இந்தப் பள்ளத்துல மட்டும் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு. நானும் காலையிலேருந்து அதத்தான் யோசிக்கிறேன். எலி வளையா இருக்கும். எலி ஒரு வளை தோண்டுச்சுன்னா வாய்க்காத் தண்ணி பூரா உள்ள போயி எங்கயாச்சும் வெளிய வரும்... எலி வளைக்கு இம்புட்டுத் தண்ணி வராது, சரி. அப்ப ராமுவாத்தான் இருக்கும். இங்க திரீ பேஸ் கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாது தம்பி. அதுக்காக எல்லாரும் மோட்டார ஆட்டோவுல போட்டு வச்சிருப்போம். கரண்டு வந்தா மோட்டார் தானா ஓடும், போனா தானா நிக்கும். ராமு அப்புடிப் போட்டுட்டு ஏதாச்சும் கல்யாணத்துக்குப் போயிருப்பான். தண்ணி வரப்பத் தாண்டி இங்க வந்துருக்கும்.

அவன் கொல்லை பள்ளத்துக்குக் கீழ இருக்கே, தண்ணி மேல ஏறுமான்னு பாக்குறீங்களா? ஏறாதுதான். நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

அது கெடக்கட்டும். மாட்டுனதுக்குக் காரணம் தண்ணி இல்ல, ஒங்க சட்டம். முன்னாடி போற வண்டியோட டயர் தடத்துலதான் பின்னாடி வண்டி வரணும், வெலகக் கூடாதுன்னு வச்சிருக்கீங்கள்ல. முன்னாடி போனவன் உள்ள எறங்குறான்னு கண்ணால பாத்தும் ஒருத்தரும் வெலகல. தடம் மாறாம ஒருத்தரு பின்னாடி ஒருத்தரா வந்து எறங்குறீங்க. எங்க ஊரு செம்மறியாடுகூட நடுவுல ஒரு தரம் நின்னு யோசிக்கும்.

முன்னாடி போனது நான்தான். தெரியும், நீங்க சொல்ல வேண்டாம். அந்தா முழங்கா அளவு எறங்கி நிக்குதே, அந்தக் கோடியில, அது நம்ம ராஜ்தூத்து. கீரமங்கலம் மார்க்கெட்டுக்குப் பூ மூட்ட ஏத்திட்டுப் போன வண்டி. பாய் மொத வருசமே சொல்லிட்டாரு, மச்சான், பாதை ஒங்களுக்குத்தான் தெரியும், நீங்க முன்னாடி போங்க, நாங்க பின்னாடி வாரோம்னு. அப்பலேருந்து நான் முன்னாடி. திரும்பிப் பாக்க மாட்டேன். பொகையும் சத்தமும் மட்டும் பின்னாடி வந்துக்கிட்டே இருக்கும். டாக்டரு, பேங்க் மேனேஜரு, அத்தன பேரும் என் தடத்துல. ராமு வேலியோரமா நின்னு பாப்பான். வருசம் பூரா என்னைய யோவ்னு கூப்புடுற பய, அன்னைக்கு ஒரு நாள் மாமாம்பான்.

ஞானமணி சிரிக்கும். கழுத்துல மால ஒண்ணுதான் கொறச்சல்னு சொல்லும். ஆனா துண்டக் கஞ்சி போட்டுத் தேச்சுக் குடுக்கும்.

ம்... நேத்து சாயங்காலம் நீங்களும் பாயும் பாதைய நடந்து பாத்தீங்கள்ல. அந்தப் பெரிய முந்திரிக்குப் பின்னாடி நான் மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டு இருந்தேன். ஒட்டுக் கேக்கல. காத்து அங்கிட்டுலேருந்து இங்கிட்டு அடிச்சுச்சு. என்ன சொன்னீங்க? 'இது தார்ரோடு மாதிரி இருக்கு பாய், ஒரு கஷ்டமும் இல்ல, அடுத்த வருசம் ஆவுடையார்கோவில் பக்கம் போயிருவோம்'. பாய் தாடியத் தடவுனாரு. அவரு தாடியத் தடவுனா சரின்னு அர்த்தம்.

ஆவுடையார்கோவில் பக்கம் என்ன இருக்கு தம்பி? பாதைக்கு முன்னாடி போக அங்க ஒரு ஆள் இருப்பான். ஒரு துண்டப் போட்டுக்கிட்டு. இருக்கட்டும், எனக்கென்ன.

ஞானமணிகிட்டச் சொன்னேன். அப்பன்னா அடுத்த கிடாய்க்குட்டி வாங்க வேண்டாமான்னு கேட்டுச்சு. அம்புட்டுதான். அப்பறம் மசாலா அரைக்கப் போயிருச்சு. எப்பவும் அரைக்கையில பேசிக்கிட்டே அரைக்கும், ஒங்க எல்லாரையும் ஒவ்வொருத்தரா நொட்டம் சொல்லி. நேத்து மிக்சி சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

அதுக்காக நான் என்னமோ பண்ணேன்னு நெனச்சுக்காதீங்க. நான் பேசாம படுத்துட்டேன்.

இந்தா, ராமு டிராக்டர் சத்தம் கேக்குது பாருங்க. வந்துட்டான். எந்திரிங்க, வண்டிய நேர் பண்ணுவோம். கயிறு எங்க வச்சேன்... சத்தம் வருது, ஆளக் காணோமே. அங்கிட்டு வேலிப் பக்கம் தெரியுதா? இல்லயா? இது... இது டிராக்டர் சத்தம் இல்லயே.

கரண்டு வந்துருச்சு.

தம்பி, கால எடுங்க. ஷூ நனையிது. வரப்பு மேல ஏறுங்க. மடை தெறந்தேதான் கெடக்கு, இருங்க... ஆமா, அது நம்ம மோட்டாருதான். ஆட்டோவுலேருந்து எடுக்க மறந்துட்டேன்.

சரி, அப்புடிப் பாக்காதீங்க. கணுக்கால் அளவுக்கு நனைக்கணும்னுதான் தம்பி நெனச்சேன். ஒங்க செவப்பு வண்டி ஒரு ஆட்டம் ஆடி, லேசா வழுக்கி, நீங்க கால ஊனி, அட, பாதை கஷ்டமாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லணும். அம்புட்டுதான். மடைய வெட்டிவிட்டுட்டு மோட்டாரப் போட்டேன். கொஞ்ச நேரத்துல கரண்டு போயிருச்சு. சரி, போதும், சாமியாப் பாத்து நிப்பாட்டுதுன்னு போயிப் படுத்துட்டேன். நான் தூங்குனப்பறம் கரண்டு திரும்ப வந்துருக்கு. அது பாட்டுக்கு வந்து, அது பாட்டுக்கு ஓடி, அது பாட்டுக்கு நின்னுருக்கு. காலையில மேல பாக்கக் காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. தெரிஞ்சா நான் எறக்குவனா என் வண்டிய? அதுவும் முன்னாடி?

பாய்கிட்டச் சொல்லணும்னா சொல்லிக்கங்க. ஞானமணி பரிமாறி முடிக்கட்டும், அப்பறம் சொல்லுங்க. எல எண்ணி வச்சிருக்கு.

என்ன தம்பி, சிரிக்கிறீங்களா? வாய மூடிக்கிட்டுச் சிரிச்சா தெரியாதா, தோள் குலுங்குது. மோட்டார நிப்பாட்டிட்டு வாரேன், ஒரு நிமிசம்... ஏன் கையப் புடிக்கிறீங்க? எதுக்கு அங்கிட்டுக் காட்டுறீங்க? அது தைலமரக்காட்டுக்குப் போற பாதை. காஞ்சுதான் கெடக்கு, அங்க நான் ஒண்ணும் பண்ணல, சத்தியமா.

அதுக்கும் தண்ணி பாயுமான்னா கேக்குறீங்க?

பாயும். ஒரு மடை வெட்டுனா பாயும். செம்மண்ணு அங்க இன்னும் வழுவழுன்னு இருக்கும், மேடு ஏறித் திரும்பையில வண்டி கன்னுக்குட்டி மாதிரித் துள்ளும்... சாப்புட்டு முடிச்சு எல்லாரும் அதுலயா? ராமு வந்து இந்த வண்டிகள இழுத்தப்பறமா? அப்ப அடுத்த வருசம்...

சரி, சரி, நான் எதுவும் கேக்கல. ஷூவக் கழட்டி வரப்புல வைங்க. மம்பட்டிய இப்புடி எடுங்க. பேண்ட மேல மடக்கிக்கங்க, இன்னும் மேல. ஒரு நிமிசம் இருங்க, போன் அடிக்கிது.

ஆங், ராமு. எங்கடா வார? கெளம்பிட்டியா? இல்லடா, ஒண்ணும் அவசரம் இல்ல. மெதுவா வா. சாப்புட்டே வா.